குப்பியின் வரலாறும் முடிவின் பகுதியே
(பெங்களூரு அடுகோடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அடுகோடியை ஒட்டி, இதே ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பறிவியல் நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. அங்குள்ள நரம்பு வைராலஜித் துறை, ரேபிஸ் நோய்க்கான உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையம். வெறி பிடித்ததாகச் சந்தேகிக்கப்பட்ட நாய் ஒன்று செத்துவிட்டால், ரேபிஸ் ஆய்வகத்தில் அதன் மூளைத்தண்டிலிருந்தும் சிறுமூளையிலிருந்தும் ஒரு துணுக்கை எடுத்துக் கண்ணாடி ஸ்லைடில் ஒற்றுவார்கள். மைனஸ் 20 டிகிரியில் குளிர்ந்த அசிட்டோனில் அந்த ஸ்லைடு ஊறும். பிறகு ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை அதன்மேல் சில துளிகள் விட்டு, ஈரப்பதம் காயாத பெட்டியில் 37 டிகிரியில் அரை மணி நேரம் வைப்பார்கள். உப்புக் கரைசலில் கழுவி, ஒளிர் நுண்ணோக்கியின் கீழ் பார்த்தால், வைரஸ் இருக்கும் இடமெல்லாம் கரும்பின்னணியில் பச்சை ஆப்பிள் நிறத்தில் மின்னும். சில இடங்களில் தூசு போல, சில இடங்களில் நீள்வட்ட உருண்டைகளாக. கடிபட்டவர் ஊசி போட்டுக்கொள்ள இந்த முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆனால் அந்த நாய் வேறு யாரைக் கடித்தது என்று தேடுவதா, அந்தத் தெருவின் மற்ற நாய்களை என்ன செய்வது என்பதெல்லாம் இந்தப் பச்சையைப் பொறுத்துத்தான் முடிவாகும். பச்சை தெரியவில்லையென்றால்? வைரஸ் இல்லாமல் இருக்கலாம். குப்பியில் இருந்த எதிர்ப்பொருள் செத்துப்போயும் இருக்கலாம். நுண்ணோக்கியில் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே இருட்டுதான்.

என் வாதம் இந்த இருட்டைப் பற்றியது. ஓர் எதிர்ப்பொருளைக் கொண்டு வைரஸைத் தேடினால், அந்த எதிர்ப்பொருள் எந்த விலங்கிலிருந்து அல்லது எந்த உயிரணு வரிசையிலிருந்து வந்தது, எந்த லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி), எத்தனை முறை உறைந்து உருகியது, எந்தப் பெட்டியில் எத்தனை மாதம் கிடந்தது என்பவையும் ஆய்வு முடிவின் பகுதியே. இன்று அவை அப்படி மதிக்கப்படுவதில்லை. ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில் கட்டப்படும் சில்லறைக் காரியங்கள் அவை. கட்டுரை எழுதும்போது, நிறுவனத்தின் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் கடமை முடிந்தது.

இந்த அலட்சியம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், வாங்கும் பட்டியலிலேயே தொடங்குகிறது. சாதாரண உப்பும் எதிர்ப்பொருளும் ஒரே இன்டென்டில், ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. உப்பு எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் உப்பு. எதிர்ப்பொருள் ஒரு உயிர் செய்து கொடுத்த புரதம். முயலிலோ ஆட்டிலோ வைரஸ் புரதத்தைச் செலுத்தி இரத்தத்திலிருந்து எடுத்தால், அது பல்லாயிரம் வேறுபட்ட எதிர்ப்பொருள்களின் கலவை. அந்த முயல் செத்ததும் அதே கலவை மறுபடி கிடைக்காது. 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஹைப்ரிடோமா முறையைக் கண்டுபிடித்து, ஒரே அச்சில் வார்த்த ஒற்றை எதிர்ப்பொருளைத் தொடர்ந்து தயாரிக்க வழி செய்தார்கள். 1984இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இதனால் சிக்கல் பாதி தீர்ந்தது. மீதிப் பாதிக்குச் சான்று வேண்டுமானால் 2023இல் வெளிவந்த ஒய்காரோஸ் என்ற குழுவின் ஆய்வைப் பாருங்கள். 65 புரதங்களுக்காகக் கடையில் விற்கும் 614 எதிர்ப்பொருள்களை, அந்தப் புரதமே இல்லாதபடி மாற்றிய உயிரணுக்களோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். தான் தேட வேண்டிய புரதத்தை அடையாளம் காணாத எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்தி, ஒரு புரதத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு கட்டுரைகள் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. அது நரம்பியல் புரதங்களைப் பற்றிய ஆய்வு, வைரஸ்களைப் பற்றியதல்ல என்பது உண்மை. வைரஸ் துறை மட்டும் விதிவிலக்கு என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

வைரஸ் துறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதற்குக் கர்நாடகமே உதாரணம். எதிர்ப்பொருள் ஒரு வைரஸை முழுதாக அறிவதில்லை. அதன் புரதத்தில் ஒரு சிறு திட்டை மட்டுமே பற்றிக்கொள்கிறது. அதே திட்டு உறவுக்கார வைரஸிலும் இருந்தால் அங்கேயும் பற்றும். ஃப்ளேவிவைரஸ் ஆய்வகங்களில் 4ஜி2 என்ற ஒற்றை எதிர்ப்பொருள் பரவலாகப் புழங்குகிறது. டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஜிகா என அந்தக் குடும்பத்து வைரஸ்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பகுதியை அது பிடிக்கிறது. குடும்பம் எது என்று கேட்டால் சரியாகச் சொல்லும். ஆள் யார் என்றால் சொல்லாது. 1957இல் ஷிமோகா மாவட்டம் சொரபா வட்டத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் காய்ச்சல் கண்டது. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்ற பயம் முதலில் எழுந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு 1952இல் புனேயில் தொடங்கிய வைரஸ் ஆராய்ச்சி மையம் எதிர்ப்பொருள் சோதனைகளைச் செய்து, அது மஞ்சள் காய்ச்சல் அல்ல, உண்ணிகள் பரப்பும் ரஷ்ய வசந்த-கோடை மூளைக்காய்ச்சலுக்கு உறவான வைரஸ் என்று கண்டது. மதிப்பு மிக்க முடிவு அது. உண்ணிகள் பக்கம் தேடலைத் திருப்பியது. ஆனால் அந்த உறவின் நிழலில் வேறு சில நம்பிக்கைகளும் வளர்ந்தன. சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் வைரஸைக் கொண்டுவந்தனவா என்ற கேள்வி எழுந்தது. சாலிம் அலி தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்திய பறவை வளையமிடும் திட்டத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பணம் வந்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம். (பறவையியலுக்கு அது பெரிய லாபம், வைரஸ் ஆராய்ச்சிக்கு அவ்வளவாக இல்லை.) ரஷ்ய நோய்க்கான தடுப்பூசி, உறவை நம்பி, அந்தக் காட்டோர ஊர்களில் போட்டுப் பார்க்கப்பட்டது. அது காக்கவில்லை. குழாயில் கைகோர்த்த எதிர்ப்பொருள் உடலில் காவல் நிற்கவில்லை. அந்த எதிர்ப்பொருள் சோதனையை யாரும் தவறாகச் செய்யவில்லை. ஒரு எதிர்ப்பொருள் என்ன கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துவதும் அதைப் பாதுகாப்பதைப் போலவே ஓர் ஒழுங்கு என்பதைத்தான் அந்த வரலாறு காட்டுகிறது.

இனி ஃப்ரீசருக்கு வருவோம். இதைச் சற்று நேரம் எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கேதான் நல்ல எதிர்ப்பொருள்கள் கெடுகின்றன. உறையவைத்தால் எதுவும் கெடாது என்பது பொதுவான எண்ணம். புரதத்துக்கு உறைந்து கிடப்பதால் பெரிய ஆபத்தில்லை. உறையும்போதும் உருகும்போதும்தான் ஆபத்து. கரைசலில் முதலில் பனிப்படிகமாவது தண்ணீர். உப்பும் புரதமும் மிஞ்சிய சிறிதளவு திரவத்துக்குள் நெருக்கித் தள்ளப்படுகின்றன. ஆய்வகங்களில் எதற்கெடுத்தாலும் பயன்படும் சோடியம் பாஸ்பேட் கரைசலில் இன்னொரு விபரீதமும் நடக்கும்: அதன் இரண்டு உப்புகளில் ஒன்று முந்திக்கொண்டு படிகமாகிவிடுவதால், மிஞ்சிய திரவத்தின் அமிலத்தன்மை திடீரென்று ஏறிவிடும். புரதத்தின் மடிப்பு குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரிதிரியாகும். இப்படித் திரண்ட எதிர்ப்பொருள் சும்மா செயலிழந்து போனால்கூடப் பரவாயில்லை. அது வேண்டாத இடங்களிலெல்லாம் போய் ஒட்டும். வைரஸே இல்லாத உயிரணுவிலும் மங்கலாக ஒளிரும். பழைய குப்பி உள்ளதைக் காட்டாமல் விடுவது ஒரு தவறு; இல்லாததைக் காட்டுவது அதைவிடப் பெரிய தவறு. குப்பியை எடுத்ததும் ஒரு நிமிடம் மையவிலக்கியில் சுழற்றி, அடியில் படியும் திரட்டைக் கலக்காமல் மேல் திரவத்தை மட்டும் எடுக்கும் பழக்கம் இதனால்தான் வந்தது.

இதற்கெல்லாம் தீர்வு தெரியாததல்ல. குப்பி வந்த அன்றே, ஒரு முறைக்குத் தேவைப்படும் அளவுகளாகப் பிரித்துச் சிறு குழாய்களில் வைத்துவிட வேண்டும். உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது. மிகவும் நீர்த்த நிலையில் வைத்தால் குழாயின் பிளாஸ்டிக் சுவரிலேயே எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்டுவிடும் என்பதால் அடர்த்தியாகவே வைக்க வேண்டும், அல்லது மாட்டு ஆல்புமின் சேர்க்க வேண்டும். பாதி கிளிசரால் சேர்த்தால் மைனஸ் 20இலும் உறையாமல் திரவமாகவே இருக்கும். தானாகப் பனி நீக்கிக்கொள்ளும் ஃப்ரீசர் வீட்டுக்கு வசதி. எதிர்ப்பொருளுக்கு ஆகாது, ஏனென்றால் பனியை உருக்க அது அவ்வப்போது தன்னைத் தானே சூடாக்கிக்கொள்கிறது. ஃபிரிட்ஜ் கதவுத் தட்டும் அப்படியே. திறக்கும்போதெல்லாம் வெளிச் சூடு படும் இடம் அது. ஒளிரும் சாயம் ஏற்றியவற்றை வெளிச்சம் படாமல் தகட்டுத்தாளில் சுற்ற வேண்டும். சாயத்திலும் வேறுபாடு உண்டு. பைக்கோஎரித்ரின் ஏற்றியதை உறையவே வைக்கக் கூடாது. ரேபிஸ் சோதனைக்கான சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள் பெரும்பாலும் உலர்பொடியாக வருகிறது. பொடி ஃபிரிட்ஜில் நெடுநாள் நிற்கும், கரைத்த பிறகுதான் அதன் கடிகாரம் ஓடத் தொடங்கும். பூஞ்சை வராமல் இருக்கப் போடும் சோடியம் அசைடு, பெராக்சிடேஸ் நொதியை முடக்கிவிடும். ஆகவே நொதி ஏற்றிய எதிர்ப்பொருளில் அதைச் சேர்ப்பது விலை கொடுத்து வாங்கியதைக் கையாலேயே கெடுப்பது. உயிருள்ள உயிரணுக்களில் வைரஸ் முடக்கச் சோதனை செய்யும்போது அசைடு உயிரணுக்களையே கொல்லும். குப்பி மேல் எழுதிய மை ஸ்பிரிட் பட்டதும் அழிந்துபோகும் என்பதுகூட இந்தப் பட்டியலில் சேர வேண்டிய செய்திதான். பெயர் அழிந்த குழாயை முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கன்று வளர்ப்பவர்களுக்கு இதில் ஒரு பகுதி ஏற்கெனவே தெரியும். அடுகோடியிலேயே தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. பசுவின் கருப்பையில் எதிர்ப்பொருள் கன்றுக்குக் கடப்பதில்லை; கன்றுக்கு அது சீம்பாலில்தான் கிடைக்க வேண்டும், அதுவும் முதல் நாளுக்குள். உறையவைத்த சீம்பாலைக் கன்றுக்குத் தர வேண்டுமானால் வெதுவெதுப்பான நீரில் இளக்க வேண்டும், கொதிக்கவைக்கக் கூடாது. மாட்டுத் தொழுவத்தில் கடைப்பிடிக்கும் இந்தக் கவனத்தை ஆராய்ச்சிக் கூடத்தில் கேட்டால் மிகை என்கிறோம்.

முதல் மறுப்பு இங்கே வரும். ஒவ்வொரு சோதனை ஓட்டத்திலும் உறுதியாக வைரஸ் உள்ள ஸ்லைடு ஒன்று, இல்லாத ஸ்லைடு ஒன்று என்று கட்டுப்பாடு வைக்கிறோம், எதிர்ப்பொருள் கெட்டிருந்தால் அதிலேயே தெரிந்துவிடுமே, பிறகு எதற்கு ஃப்ரீசர் நாட்குறிப்பு? நியாயமான கேள்வி. கட்டுப்பாடு முழுச் சாவைக் காட்டும், தேய்மானத்தைக் காட்டாது. பொதுவாகக் கட்டுப்பாட்டுக்கு எடுக்கும் மூளை, வைரஸ் நிறைந்த மூளை. பாதி வலு இழந்த எதிர்ப்பொருளிலும் அது பளிச்சென்று பச்சையாகத்தான் தெரியும். அதே நாளில் வைரஸ் குறைவாக உள்ள இன்னொரு மாதிரி கைநழுவிப் போயிருக்கும். இதைத் தெரிந்துதான் ரேபிஸ் ஆய்வகங்கள் ஒவ்வொரு புதிய லாட்டையும் தொடர்ச்சியாக நீர்த்துப் பார்த்து, எந்த அளவுவரை முழுப் பச்சை தருகிறது என்று அளந்து, அதற்கும் ஒரு படி அடர்த்தியாக வேலை அளவை வைக்கின்றன. அமெரிக்காவின் தேசிய நெறிமுறை ஒரே மாதிரியை இரண்டு வெவ்வேறு எதிர்ப்பொருள்களால் சோதிக்கச் சொல்கிறது. 1958இல் கோல்ட்வாசரும் கிஸ்லிங்கும் அறிமுகப்படுத்திய இந்தச் சோதனை இன்றும் நம்பப்படுவதற்கு, அதைச் சுற்றி இப்படி ஒரு சந்தேக ஒழுங்கு வளர்ந்திருப்பது முக்கியக் காரணம் என்பேன். நோயறிதலில் வந்த இந்த ஒழுங்கு ஆராய்ச்சியில் ஏன் வரவில்லை? அங்கே தவறான ஸ்லைடுக்கு உடனே யாரும் சாவதில்லை என்பதாலோ என்னவோ.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. வைரஸின் மரபணுவைப் பெருக்கித் தேடும் பிசிஆர் வந்த பிறகு எதிர்ப்பொருளைப் பிடித்துத் தொங்குவானேன்? ரேபிஸிலேயே, அழுகிய மாதிரியில் ஒளிர் சோதனை தடுமாறும். பிசிஆர் பல நேரம் சமாளித்துவிடும். நம் ஊர் வெயிலில் கிராமத்திலிருந்து மூளை மாதிரி வந்து சேர்வதற்குள் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2018 முதல் உலக விலங்கு சுகாதார அமைப்பும் பிசிஆரை முதல்நிலைச் சோதனையாக ஏற்றிருக்கிறது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரபணு இருப்பது வேறு. வைரஸ் புரதம் எந்த உயிரணுவில், அதன் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்பது வேறு. அதை எதிர்ப்பொருள்தான் காட்டும். சில நோய்களில் பிசிஆர் செய்யும்போது வைரஸ் போய்விட்டிருக்கும். இந்தியாவில் 1955இல் வேலூர்ப் பக்கம் முதலில் அடையாளம் காணப்பட்டு, பின்னாளில் கோலார், மாண்டியா நெல்வயல் ஊர்களையும் தாக்கிய ஜப்பானிய மூளைக்காய்ச்சலில், குழந்தைக்கு வலிப்பு வந்து மருத்துவமனை சேரும் நேரத்தில் இரத்தத்தில் வைரஸ் அநேகமாக இருக்காது. தண்டுவட நீரில் ஐஜிஎம் வகை எதிர்ப்பொருள் இருக்கும். அதைப் பிடிக்கும் எலைசா சோதனைத் தட்டின் அடியில் பூசியிருப்பதும் எதிர்ப்பொருள், கடைசியில் நிறம் காட்டத் துணை செய்வதும் எதிர்ப்பொருள். புனேயிலிருந்து நாடெங்கும் மருத்துவமனைகளுக்குப் போகும் அந்தக் கிட், வழியில் குளிர்ச் சங்கிலி அறாமல் போக வேண்டும்.

பிசிஆர் கருவி இல்லாத இடத்துக்கும் எதிர்ப்பொருள் போகிறது. பயோட்டின் ஏற்றிய ஒற்றை எதிர்ப்பொருள்களைக் கொண்டு சாதாரண நுண்ணோக்கியிலேயே ரேபிஸைக் காட்டும் டிஆர்ஐடி முறையைத் தான்சானியாவின் கிராமப்புறங்களில் சோதித்து 2006இல் முடிவு வெளியிட்டார்கள். நிம்ஹான்ஸும் அதைப் பிற்பாடு மதிப்பிட்டது. 2020 ஜூன் 14 அன்று ஐசிஎம்ஆர் அனுமதித்த முதல் கொரோனா ஆன்டிஜென் கிட்டும் எதிர்ப்பொருளை நம்பியதே. ஐசிஎம்ஆரும் டெல்லி எய்ம்ஸும் செய்த மதிப்பீட்டில் அதன் கண்டுபிடிக்கும் திறன் 50.6 சதவீதத்திலிருந்து 84 சதவீதம் வரை இருந்தது. தொற்று இல்லாதவரை இல்லை என்று சொல்வதில் 99.3 சதவீதத்துக்குக் குறையவில்லை. அறிகுறி இருந்தும் நெகட்டிவ் வந்தால் பிசிஆர் செய்யச் சொன்னது அதனால்தான். அந்தக் கிட்டை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று அதே அறிவுரையில் இருந்தது. பெங்களூரு வெயிலில் ஓரளவு சமாளிக்கலாம். வேலூரில் ஜூன் மாதப் பந்தலுக்குள் 30 டிகிரி என்பது யாரோ எழுதிய கற்பனை. 2021இல் ஜெர்மனியில் 11 ஆன்டிஜென் கிட்களை 37 டிகிரியில் வைத்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றின் திறன் சரிந்தது; குளிரில் வைத்துச் சோதித்தபோது சிலவற்றில் இல்லாத வைரஸ் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் தொற்று எண்ணிக்கையை அறிவித்தோம். கிட் எந்த வெப்பத்தில் இருந்தது என்பதை அதன் பக்கத்தில் யாரும் எழுதவில்லை.

மூன்றாவது மறுப்பு பணம். இறக்குமதியான ஒரு சிறு குப்பிக்குப் பல ஆயிரம் ரூபாய். அது வர வாரக்கணக்கில், சுங்கத்தில் மாட்டினால் மாதக்கணக்கில் ஆகும். அதில் பாதியைச் சோதனைக்கே செலவழித்தால் ஆய்வு எப்போது செய்வது என்று மாணவர்கள் கேட்பார்கள். வறுமையின் நியாயம் இது. எளிதில் தள்ளிவிட முடியாது. இருந்தாலும் கணக்கு எதிர்ப்பக்கம்தான் சாய்கிறது. மோசமான எதிர்ப்பொருள்களால் உலகம் ஆண்டுக்கு 80 கோடி டாலர் வரை வீணாக்குவதாக 2015இல் நேச்சர் இதழில் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட கட்டுரை மதிப்பிட்டது. அந்த வீணடிப்பைத் தாங்கும் வசதி பணக்கார நாட்டு ஆய்வகத்துக்கு உண்டு, நமக்கு இல்லை. தவிரவும், நான் கேட்பவற்றில் பெரும்பகுதிக்குச் செலவே கிடையாது. சிறு குழாய்களில் பிரிப்பதற்கு ஆகும் செலவு குழாயின் விலைதான். பழைய லாட்டில் ஒரு குழாயைக் கடைசிவரை மிச்சம் வைத்து, புதிய லாட்டை அதோடு ஒரே நாளில் ஒப்பிடுவதற்கு ஒரு மதிய நேரம் போதும். மின்தடையை மட்டும் இலவசமாகத் தீர்க்க முடியாது. இன்வெர்ட்டர் கணினிக்கு இருக்கிறது, ஃப்ரீசருக்கு இல்லை என்ற நிலை பல கல்லூரிகளில் உண்டு. அதை மானிய விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும், கொடுப்பவர்களும் கொடுக்க வேண்டும்.

மரபணு வரிசையிலிருந்து நேரடியாகத் தயாரிக்கும் எதிர்ப்பொருள்கள் வந்துவிட்டால் இந்தப் பேச்சே தேவைப்படாது என்று சிலர் சொல்கிறார்கள். லாட்டுக்கு லாட் மாறும் தொல்லையை அவை கணிசமாகக் குறைக்கும், முயல்களுக்கும் நல்லது. வரிசை கையில் இருந்தால் ஐம்பது வருஷம் கழித்தும் அதே பொருளைச் செய்யலாம், வரவேற்கிறேன். அதுவும் புரதம்தான்; அதையும் மூன்று முறை உறையவைத்து உருக்கினால் திரியும். அதுவும் உறவுக்கார வைரஸைப் பற்றும்.

ஆகவே நடைமுறையில் என்ன கேட்கிறேன் என்றால், ஆய்வேட்டின் முறைகள் பகுதியில் எதிர்ப்பொருளின் பெயரோடு லாட் எண், பொதுப் பதிவேட்டு அடையாள எண், நீர்த்த அளவு, அந்த லாட்டைச் சரிபார்த்த நாள், சரிபார்த்த விதம், குழாய் எத்தனையாவது உருகல் என்பதும் அச்சாக வேண்டும். பல்கலைக்கழகங்கள் வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஃப்ரீசர் பதிவேட்டை எழுதுபவர் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்கும் தொழில்நுட்பப் பணியாளர். ஆய்வின் முடிவில் அவர் கையும் இருக்கிறது என்பதால் கட்டுரையில் அவர் பெயரும் இருக்க வேண்டும். நன்றி கூறும் பத்தியில் ஒரு வரியாக அல்ல, ஆசிரியர் பட்டியலில். இதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். முதல் எதிர்ப்பு ஆசிரியர் பட்டியலில் ஏற்கெனவே இருப்பவர்களிடமிருந்து வரும். அவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான். உங்கள் மூன்றாவது படத்தில் பச்சையாகத் தெரிகிறதே, அதற்குப் பயன்படுத்திய குழாயை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவர் யார், அன்று தேதி என்ன?